கோப்பு யாருடையது, ஓட்டு யாருக்கு

(சிகந்தராபாத்தின் போலாரத்தில் தமிழ் அன்பர்கள் கூடிய அவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சட்டமன்றப் பொதுத் தேர்தலுக்கு முன் வாக்காளர் அறிந்திருக்க வேண்டியவை என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. நல்லவரைத் தேர்ந்தெடுங்கள், நோட்டுக்கு ஓட்டை விற்காதீர்கள் என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு இறங்கிவிடலாம். அதைச் சொல்ல ஓர் அறக்கட்டளை தேவையில்லை. மத்திய அரசுப் பணியில் இருந்த காலத்தில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பல தேர்தல்களில் உட்கார்ந்தவன் நான். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற முறையில், போலாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேன். இந்த ஊர் அதற்குப் போதும். தேவைக்கு மேலேயே போதும்.

இந்தத் தொகுதியின் அண்மைக் கதை உங்களுக்கு நினைவிருக்கும். 2023 பிப்ரவரி 19 அன்று சிகந்தராபாத் கன்டோன்மென்ட் எம்.எல்.ஏ. ஜி. சாயன்னா காலமானார். ஐந்து முறை வென்றவர். அன்று முதல் டிசம்பர் 3 வரை, ஒன்பது மாதத்துக்கும் மேலாக, இந்தத் தொகுதிக்குச் சட்டமன்றத்தில் ஆளில்லை. ஆளுங்கட்சி பயப்படுகிறது என்றார்கள் சிலர். தேர்தல் ஆணையம் தூங்குகிறது என்றார்கள் சிலர். இரண்டும் இல்லை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 1951இன் 151அ பிரிவு, காலியான இடத்துக்கு ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் நடத்தச் சொல்கிறது. மீதமுள்ள பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. அப்போதைய பேரவையின் ஆயுள் 2024 ஜனவரியோடு முடிவதாக இருந்தது. அவ்வளவுதான்.

நவம்பர் 30 பொதுத் தேர்தலில் சாயன்னாவின் மகள் லாஸ்யா நந்திதா பி.ஆர்.எஸ். சார்பில் வென்றார். மூன்று மாதம் முடியவில்லை. 2024 பிப்ரவரி 23 அன்று சாலை விபத்தில் இறந்தார். இந்த முறை பதவிக்காலம் ஏறக்குறைய முழுதாக மிச்சமிருந்தது. எனவே மே 13 அன்று மக்களவைத் தேர்தலோடு சேர்த்தே இடைத்தேர்தலும் வந்தது. காங்கிரஸின் ஸ்ரீகணேஷ் வென்றார். ஆக, ஆறு மாதத்துக்குள் இந்தத் தொகுதி மக்கள் இரண்டு முறை எம்.எல்.ஏ.வுக்கும் ஒரு முறை எம்.பி.க்கும் பொத்தானை அழுத்தினார்கள். இவ்வளவு தேர்தலிலும் பிரசாரத்தில் திரும்பத் திரும்பக் கேட்டவை என்ன? கன்டோன்மென்டை மாநகராட்சியோடு இணைப்போம், ராணுவம் மூடிய சாலைகளைத் திறப்போம், பஸ்தி (குடிசைப் பகுதி) வீடுகளுக்குப் பட்டா வாங்கித் தருவோம். மூன்றுமே நியாயமான கோரிக்கைகள்தாம். ஆனால் மூன்றில் ஒன்றைக்கூட ஒரு எம்.எல்.ஏ.வோ, அவர் கட்சியின் முதலமைச்சரோ தானாகச் செய்துவிட முடியாது. நான் இன்று சொல்ல வந்தது இதுதான்: வாக்குறுதி நல்லதா, தருபவர் நல்லவரா என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தக் கோப்பில் கையெழுத்திடும் அதிகாரம் எந்த மேசையில் இருக்கிறது என்று பாருங்கள்.

முதலில் எல்லையைத் தெளிவாக்கிக்கொள்வோம். போலாரம் நமக்கு ஒரே ஊர். தேர்தல் வரைபடத்தில் அப்படி இல்லை. கன்டோன்மென்ட் எல்லைக்குள் இருப்பவர்கள் சிகந்தராபாத் கன்டோன்மென்ட் சட்டமன்றத் தொகுதி. அல்வாலை ஒட்டிய மாநகராட்சிப் பகுதிக்காரர்கள் மல்காஜ்கிரி சட்டமன்றத் தொகுதி. ஒரே கடைத்தெருவில் காய்கறி வாங்குகிறவர்களுக்கு எம்.எல்.ஏ. வேறு, வாக்காளர் பதிவு அதிகாரி வேறு. கன்டோன்மென்ட் தொகுதி பட்டியலினத்தவருக்கான தனித் தொகுதி. வேட்பாளருக்குத்தான் அந்த வரையறை, ஓட்டுப் போட எல்லோரும் போகலாம். இன்னொரு குழப்பம் படித்தவர்களிடமே அதிகம்: தொகுதியின் பெயரில் சிகந்தராபாத் இருப்பதால் மக்களவைக்கும் சிகந்தராபாத் தொகுதி என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. கன்டோன்மென்ட் பகுதி மல்காஜ்கிரி மக்களவைத் தொகுதியில் அடங்குகிறது. நாட்டிலேயே அதிக வாக்காளர்களைக் கொண்ட தொகுதி அது. 2019இல் அங்கே வென்ற ரேவந்த் ரெட்டிதான் 2023 டிசம்பரில் முதலமைச்சரானார். அடுத்த தேர்தலுக்குள் இந்த எல்லைகள் மாறும் என்று கேள்விப்படுகிறோம். 2014ஆம் ஆண்டின் மறுசீரமைப்புச் சட்டம் தெலங்கானாவின் 119 இடங்களை 153 ஆக்கலாம் என்கிறது; ஆனால் அரசியலமைப்பின் 170ஆம் உறுப்பு, 2026க்குப் பிந்தைய முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வெளிவரும்வரை காத்திருக்கச் சொல்கிறது. 2025 ஜூலையில் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. எனவே தேர்தல் நெருங்கும்போது உங்கள் தொகுதி எது என்பதை ஒரு முறை புதிதாகவே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மேசைக்கு வருவோம். அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் ஒன்றியப் பட்டியல் இருக்கிறது. பாதுகாப்பு, படைகள் என்று தொடங்கும் அந்தப் பட்டியலின் மூன்றாம் இனம் கன்டோன்மென்டைப் பற்றியது. கன்டோன்மென்ட் எல்லையை வரையறுப்பது, அங்குள்ள உள்ளாட்சி, அதன் அதிகார அமைப்புகள், குடியிருப்புகளை ஒழுங்குபடுத்துவது, வீட்டு வாடகைக் கட்டுப்பாடு வரை எல்லாம் அதில் அடக்கம். தமிழ்நாட்டில் பரங்கிமலைக்கும் வெலிங்டனுக்கும் இதே நிலைதான். மற்ற ஊர்களில் உள்ளாட்சி என்பது மாநிலத்தின் பொருள். நமக்கு அது டெல்லியின் பொருள். அதனால்தான் சட்டமன்றத்தில் எவ்வளவு பெரும்பான்மை இருந்தாலும், போலாரத்தின் சாக்கடையைப் பற்றி அந்த அவை சட்டம் இயற்ற முடியாது.

அந்த உள்ளாட்சியை நடத்துவது கன்டோன்மென்ட் போர்டு. அடிப்படை 2006ஆம் ஆண்டின் கன்டோன்மென்ட் சட்டம். தலைவர், நிலையத்தின் ராணுவத் தளபதி. நிர்வாகம் முதன்மைச் செயல் அதிகாரியிடம். அவர் பாதுகாப்பு நிலங்கள் துறையைச் சேர்ந்தவர். கூடவே மக்கள் தேர்ந்தெடுக்கும் எட்டு வார்டு உறுப்பினர்கள். எம்.பி.க்கும் எம்.எல்.ஏ.வுக்கும் அந்தச் சட்டம் தந்திருக்கும் இடம் சுவையானது: கூட்டத்துக்குச் சிறப்பு அழைப்பாளர்கள், ஆனால் வாக்குரிமை இல்லை. நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர், நம் தெருவிளக்கு பற்றி முடிவெடுக்கும் அறையில் ஓட்டில்லாமல் உட்காருகிறார்! இதை வேட்பாளர்கள் மேடையில் சொல்வதில்லை. சொன்னால் பாதிப் பேச்சு மிச்சமாகிவிடும்.

ஓட்டுள்ள அந்த எட்டுப் பேராவது இருக்கிறார்களா? கடைசியாகப் போர்டுக்குத் தேர்தல் நடந்தது 2015 ஜனவரியில். ஐந்தாண்டுக் காலம் முடிந்தது. அரையாண்டு அரையாண்டாக ஓராண்டு நீட்டித்தார்கள். 2021 பிப்ரவரியில் அதுவும் தீர்ந்தது. பிறகு தளபதி, செயல் அதிகாரி, டெல்லி நியமிக்கும் ஒரு பொதுமக்கள் பிரதிநிதி என மூவரோடு போர்டு சுருங்கியது. 2023 பிப்ரவரியில் நாடு முழுக்க 57 கன்டோன்மென்டுகளுக்கு ஏப்ரல் 30 அன்று தேர்தல் என்று அறிவித்தார்கள். போஸ்டர் ஒட்டியவர்களும் உண்டு. மார்ச் மாதத்தில் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். குடியிருப்புப் பகுதிகளைப் பிரித்து அருகிலுள்ள நகராட்சிகளோடு சேர்க்கும் யோசனை முன்னுக்கு வந்ததுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. இமாசலத்தின் யோல் கன்டோன்மென்டில் அது நடந்தும் விட்டது. இங்கே கடிதங்களும் குழுக்களும் நடந்தன. இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ஊரில், தேர்ந்தெடுத்த வார்டு உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை என்றால், எம்.எல்.ஏ. வேட்பாளரிடம் சாக்கடை பற்றிக் கேட்காமல் யாரிடம் கேட்பது என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் கேட்கும் கேள்வியை மாற்ற வேண்டும். 'சரி செய்வீர்களா' என்பதை விட்டுவிட்டு, 'போர்டுத் தேர்தலை நடத்தச் சொல்லி உங்கள் கட்சி டெல்லியில் என்ன செய்தது, எந்தத் தேதியில் செய்தது' என்று கேளுங்கள். அதற்கு பதில் உண்டு அல்லது இல்லை. வழவழவென்று நழுவ இடமில்லை.

மேசை எது என்பதற்கு இரண்டு சான்றுகள் தருகிறேன். 2014 வாக்கில் ராணுவத் தளவாடப் பிரிவைச் சுற்றியுள்ள சாலைகள் பொதுமக்களுக்கு மூடப்படத் தொடங்கின. சட்டமன்றத்தில் பேச்சு, ஊர்வலம், மனு எல்லாம் நடந்தன. 2018 மே மாதத்தில் கன்டோன்மென்ட் சாலைகளைத் திறக்கச் சொன்னது பாதுகாப்பு அமைச்சகம். அமைச்சர் நிர்மலா சீதாராமன். அதன் பிறகும் சில சாலைகளில் கெடுபிடி தொடர்ந்தது வேறு விஷயம். ஆனால் உத்தரவு எங்கிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். இரண்டாவது, நம் வாசல் வழியே போகும் ராஜீவ் ரகதாரி. குடியரசுத் தலைவர் தங்கும் ராஷ்டிரபதி நிலையம் அதன் ஓரத்தில்தான் இருக்கிறது. அந்தச் சாலையில் மேம்பாலப் பாதை வேண்டும் என்று முந்தைய மாநில அரசு பல ஆண்டுகள் கேட்டது. தேவையான நிலம் ராணுவத்துடையது. 2024 மார்ச் தொடக்கத்தில் பாதுகாப்பு அமைச்சகம் இசைந்தது. அதே மாதம் முதலமைச்சர் ரேவந்த் ரெட்டி அடிக்கல் நாட்டினார். நாங்கள் கேட்டோம் என்றது ஒரு கட்சி, நாங்கள் பெற்றோம் என்றது இன்னொன்று, நாங்கள் கொடுத்தோம் என்றது மூன்றாவது. மூன்றும் உண்மையே. எனினும், கொடுக்கும் இடம் எது என்று தெரிந்தவர், மேம்பாலத்துக்கான ஓட்டை எந்தத் தேர்தலில் எடைபோடுவது என்றும் தெரிந்துகொள்வார்.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் எம்.எல்.ஏ. தேர்தல் நமக்கு வெறும் சடங்கா என்று முடிவு கட்டிவிடாதீர்கள். காவல் நிலையம் மாநிலத்துடையது. ரேஷன் அட்டை, முதியோர் ஓய்வூதியம், ஆரோக்யஸ்ரீ, அரசுப் பள்ளி, மின்சாரம், பெண்களுக்கு இலவசப் பேருந்து எல்லாம் மாநிலம். நல்லா என்கிற குழாயில் வரும் தண்ணீரை மொத்தமாகக் கொடுப்பது மாநிலத்தின் குடிநீர் வாரியம். அதை வீட்டுக்கு வீடு பகிர்வது போர்டு. ஆகவே தண்ணீர் வராவிட்டால் குற்றம் எந்தக் குழாயில் என்று கேட்க இரண்டு கதவுகளையும் தட்ட வேண்டும். நிலம், வீடு கைமாறும்போது பதிவு அலுவலகத்தில் வசூலாகும் வரியில் உள்ளாட்சிக்கான பங்கைப் போர்டுக்குத் தர வேண்டியதும் மாநில அரசுதான். அந்தப் பாக்கி பற்றிப் போர்டு குறைபட்டுக்கொண்டதை நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். ஒரு எம்.எல்.ஏ. வேட்பாளரிடம் உருப்படியாகக் கேட்கத் தகுந்த கேள்வி இது. ஆனால் ஒருவரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பட்டா விஷயம் கொஞ்சம் கசப்பானது. கன்டோன்மென்ட் நிலங்களை 1937ஆம் ஆண்டு விதிகளின்படி ஏ1, ஏ2, பி1, பி2, பி3, பி4, சி என்று வகைபிரித்து, பொது நிலப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். உங்கள் வீடு நிற்கும் நிலம் அதில் எந்த வகை என்று தெரியாமல், 'ஐந்து லட்சம் ரூபாய் வீட்டுத் திட்டம்' என்ற வாக்குறுதிக்குக் கைதட்டுவதில் பயனில்லை. இந்திரம்மா வீட்டுத் திட்டத்தின் ஐந்து லட்சம், சொந்த மனை வைத்திருப்பவர் வீடு கட்டிக்கொள்வதற்கு. ராணுவ நிலத்தின்மேல் நாற்பது ஆண்டு வாழ்ந்தாலும் அது சொந்த மனை ஆகிவிடாது. கசப்பு அதோடு முடியவில்லை. மத்தியப் பிரதேசத்தின் பச்மடி கன்டோன்மென்ட் வழக்கில் 2016இல் உச்சநீதிமன்றம், அனுமதியின்றிக் கட்டிய வீடுகளில் குடியிருப்போர் போர்டுத் தேர்தலின் வாக்காளர் பட்டியலில் இடம்பெற முடியாது என்று தீர்ப்பளித்தது. அதைக் காட்டி இங்கும் ஆயிரக்கணக்கான பஸ்திக்காரர்களின் பெயர்கள் போர்டுப் பட்டியலிலிருந்து போயின.

இங்கேதான் பலர் மனமொடிந்து தவறு செய்கிறார்கள். போர்டுப் பட்டியல் வேறு, சட்டமன்றப் பட்டியல் வேறு. போர்டுப் பட்டியல் கன்டோன்மென்ட் தேர்தல் விதிகளின் கீழ் வருவது. சட்டமன்றத்துக்கும் மக்களவைக்குமான பட்டியல் தேர்தல் ஆணையத்துடையது. அதற்கு வேண்டியது குடிமகனாக இருப்பதும் 18 வயதும் வழக்கமாக அங்கே வசிப்பதும்தான். வீட்டுக்குப் பட்டா உண்டா, கட்ட அனுமதி உண்டா என்று அது கேட்காது. நடைபாதையில் உறங்குபவருக்குக்கூட அதில் இடமுண்டு. 'என் பெயரை வெட்டிவிட்டார்கள், நான் இனி ஓட்டர் இல்லை' என்று வீட்டிலேயே இருந்துவிட்ட பெரியவர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. அவர்கள் ஓட்டர்கள்தாம். உங்கள் தெருவில் அப்படி யாராவது இருந்தால் முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள்.

படைவீரர் குடும்பங்களும் நம்மிடையே இருக்கின்றன. அவர்களுக்கு வழி இரண்டு: சொந்த ஊரில் பணிசார் வாக்காளராகப் பதிந்து அஞ்சலில் வாக்களிப்பது, அல்லது போலாரம் போன்ற அமைதி நிலையத்தில் குடும்பத்தோடு போதிய காலம் வசித்தால் இங்கேயே பொது வாக்காளராகப் பதிவது. இரண்டில் ஒன்றுதான், இரண்டும் அல்ல.

இந்த 'இரண்டில் ஒன்று' நமக்கும் பொருந்தும். இந்த அவையில் யார் முகத்தையும் பார்த்து நான் சொல்லவில்லை. ஆற்காட்டுப் பக்கம், சேலத்துப் பக்கம் பூர்வீக ஊரில் ஒரு பெயர், இங்கே ஒரு பெயர் என்று வைத்திருப்பதை நாம் குற்றமாகவே நினைப்பதில்லை. பூர்வீக வீட்டின் மேல் உள்ள பாசம் என்று நினைக்கிறோம். 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17, 18 பிரிவுகள் இரண்டு இடத்தில் பெயர் இருக்கக் கூடாது என்கின்றன. 31ஆம் பிரிவு, பதிவுப் படிவத்தில் பொய் உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறை என்கிறது. 2025 அக்டோபரில் தமிழ்நாடு உட்பட 12 மாநில, ஒன்றியப் பிரதேசங்களில் சிறப்புத் தீவிரத் திருத்தம் அறிவித்தார்கள். டிசம்பரில் வந்த தமிழ்நாட்டு வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர், இரட்டைப் பதிவு தவிர, ஊரை விட்டுப் போனவர் என்ற கணக்கில் போனவர்கள் ஏராளம். அந்தக் கணக்கில் போலாரத்துக்காரர்களும் இருக்கத்தான் செய்வார்கள். எங்கே வாழ்கிறீர்களோ அங்கே வைத்துக்கொள்ளுங்கள். பூர்வீக வீடு எங்கும் போய்விடாது.

பட்டியல் விஷயத்தில் ஹைதராபாத் பட்ட பாடு சின்னதல்ல. 2015இல் ஆதாரோடு இணைத்துப் பட்டியலைத் தூய்மைப்படுத்தும் திட்டம் ஒன்று தொடங்கி, அந்த ஆகஸ்டில் உச்சநீதிமன்ற உத்தரவால் நின்றது. ஆனால் அதற்குள் நீங்கிய பெயர்களின் விளைவு 2018 டிசம்பர் 7 அன்றுதான் தெரிந்தது. அட்டையோடு வாக்குச்சாவடிக்குப் போனவர்கள் பெயரில்லாமல் திரும்பினார்கள். பேட்மின்டன் வீராங்கனை ஜ்வாலா குட்டாவும் அவர்களில் ஒருவர். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரி ரஜத் குமார் பொதுவில் வருத்தம் தெரிவித்தார். வருத்தத்தால் ஓட்டு திரும்பி வராது. எனவே நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: கையில் அட்டை இருப்பது உரிமையாகாது, பட்டியலில் பெயர் இருப்பதே உரிமை. பெயர் இருந்து அட்டை இல்லையென்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், கடவுச்சீட்டு, ஓய்வூதிய ஆவணம் என்று எத்தனையோ மாற்று உண்டு. அட்டை இருந்து பெயர் இல்லையென்றால் ஒன்றுமே இல்லை.

எப்போது பார்ப்பது? இது முக்கியம். 2023இல் தேர்தல் அறிவிப்பு வந்தது அக்டோபர் 9. வேட்புமனுவுக்குக் கடைசி நாள் நவம்பர் 10. புதிதாகப் பெயர் சேர்க்க விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் அக்டோபர் 31. வேட்புமனுவின் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்பு வரை என்பது கணக்கு. அதாவது அறிவிப்புக்குப் பின் மூன்று வாரம்தான். நம் மக்கள் எப்போது பட்டியலைத் தேடுகிறார்கள்? வாக்குப்பதிவுக்கு முந்திய இரவு, ஓட்டர் ஸ்லிப் வரவில்லையே என்று. அப்போது தேடினால் கிடைப்பது செய்திதான், பரிகாரம் இல்லை. புதுப் பெயருக்குப் படிவம் 6. வீடு மாறினாலும் பிழை இருந்தாலும் படிவம் 8. கன்டோன்மென்டிலிருந்து அல்வாலுக்கு மாறினாலும் அதே 8. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள் நான்கிலும் 18 நிரம்புபவர்கள் சேரலாம் என்பது 2022 முதல் நடைமுறை. தமிழ்ப் பெயர்களுக்கு இங்கே ஒரு தனித் தொல்லை இருக்கிறது. குடும்பப் பெயரை முதலில் எழுதும் தெலுங்கு வழக்கத்தில் நம் ஒற்றை எழுத்துத் தலைப்பு எங்கே போவது என்று தெரியாமல் தவிக்கும். தகப்பன் பெயர் மகன் பெயராகிவிடும். தேடும்போது பெயரால் தேடிக் கிடைக்கவில்லையென்றால் அட்டை எண்ணால் தேடுங்கள்.

சிலர் வாக்குப்பதிவு சதவீதத்தைக் காட்டி நகரத்தாரைத் திட்டுவார்கள். 2023இல் மாநிலம் 70 சதவீதத்தைத் தாண்டியது. முனுகோடு 91ஐத் தாண்டியது. ஹைதராபாத் மாவட்டம் பாதியைக்கூடத் தொடவில்லை, யாகுத்புரா 40க்கும் கீழே. நகரத்தாரின் சோம்பல் உண்மைதான். ஆனால் வீடு மாறிப் போனவர்களும் இரட்டைப் பெயர்களும் அடைந்து கிடக்கும் பட்டியலை வைத்துச் சதவீதம் போட்டால், வராதவரோடு இல்லாதவரும் சேர்ந்துதான் கணக்காகிறார். சாவடியில் உட்கார்ந்திருந்தபோது, ஒரே வாடகை வீட்டு எண்ணில் மூன்று தலைமுறை வாடகைதாரர்களின் பெயர்கள் வரிசையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வேட்பாளரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். மனுவோடு படிவம் 26இல் அவர் தரும் உறுதிமொழிப் பத்திரம், உச்சநீதிமன்றத்தின் 2002, 2003 தீர்ப்புகளால் நமக்குக் கிடைத்த சொத்து. ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கிறது. எல்லோரும் சொத்து மதிப்பையும் வழக்குகளின் எண்ணிக்கையையும் பார்க்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி என்ற பகுதியை. வீட்டு வாடகை, தண்ணீர், மின்சாரம் என்று அங்கே விவரம் இருக்கும். வழக்குகளைப் பொறுத்தவரை, எண்ணிக்கையைவிடப் பிரிவு முக்கியம்: சாலை மறியல் வழக்கும் நில மோசடி வழக்கும் ஒன்றல்ல.

கட்சித் தாவலைப் பற்றி இந்தத் தொகுதிக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சாயன்னா 2014இல் தெலுங்கு தேசத்தின் சைக்கிளில் வென்று டி.ஆர்.எஸ்.ஸில், அதாவது இன்றைய பி.ஆர்.எஸ்.ஸில், சேர்ந்தார், 2018இல் அதன் கார் சின்னத்தில் வென்றார். ஸ்ரீகணேஷ் 2023இல் பா.ஜ.க. வேட்பாளராக இரண்டாம் இடம்; சில மாதம் கழித்துக் காங்கிரஸ் வேட்பாளராக முதலிடம். தோற்றவர் கட்சி மாறுவதை அரசியலமைப்பின் பத்தாம் அட்டவணை கண்டுகொள்வதில்லை. வென்றவர் மாறினால்தான் கேள்வி, அந்தக் கேள்விக்கும் பதில் சொல்பவர் பேரவைத் தலைவர். பி.ஆர்.எஸ்.ஸிலிருந்து காங்கிரஸ் பக்கம் போனதாகச் சொல்லப்பட்ட பத்து எம்.எல்.ஏ.க்கள் வழக்கில் மூன்று மாதத்துக்குள் முடிவெடுங்கள் என்று 2025 ஜூலை 31 அன்று உச்சநீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தப் பத்துப் பேரில் தானம் நாகேந்தர், பி.ஆர்.எஸ். எம்.எல்.ஏ.வாக இருந்துகொண்டே 2024இல் சிகந்தராபாத் மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் சின்னத்தில் நின்றவர். 2019இல் இதே மாநிலத்தில் காங்கிரஸின் 12 பேர் மொத்தமாக டி.ஆர்.எஸ்.ஸில் இணைந்தபோது அழுதவர்களும் சிரித்தவர்களும் இப்போது இடம் மாறியிருக்கிறார்கள். சின்னத்துக்காக ஓட்டுப் போடுபவர், வேட்பாளர் அந்தச் சின்னத்தில் எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்றாவது பார்க்கலாம்.

தேர்தல் அறிக்கை விஷயத்தில் தமிழர்களுக்கு ஒரு முன்னுரிமை உண்டு. சட்டமே நம் ஊர் வழக்கில்தான் பிறந்தது. தமிழ்நாட்டின் இலவசத் தொலைக்காட்சி, மிக்சி, கிரைண்டர் வாக்குறுதிகளை எதிர்த்துச் சுப்பிரமணியம் பாலாஜி தொடுத்த வழக்கில் 2013இல் உச்சநீதிமன்றம், அறிக்கையில் தரும் வாக்குறுதி ஊழல் நடவடிக்கை ஆகாது என்றது. கூடவே நெறிமுறை வகுக்கச் சொல்லி ஆணையத்துக்கு உத்தரவிட்டது. அதன்படி மாதிரி நடத்தை விதிகளில் சேர்ந்தது ஒரு வரி: வாக்குறுதிக்கான காரணத்தையும் அதற்குப் பணம் வரும் வழியையும் அறிக்கை காட்ட வேண்டும். இலவசங்களை ஏளனம் செய்பவன் அல்லன் நான். பேருந்துக் கட்டணம் மிச்சமானதால் வேலைக்குப் போக ஆரம்பித்த பெண்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ஆறு உத்தரவாதங்களோ அறுபதோ, அந்தப் பணம் வரும் வழி என்ற பத்தி அறிக்கையில் எத்தனை வரி என்று மட்டும் எண்ணிப் பாருங்கள்.

பணப் பட்டுவாடாவைப் பற்றி என்ன சொல்ல? 2023 நவம்பர் 20 வரை தெலங்கானாவில் மட்டும் பிடிபட்ட ரொக்கம், மது, தங்கம், பொருள் மதிப்பு 650 கோடி ரூபாய்க்கு மேல் என்றது ஆணையம். வேட்பாளரின் சட்டப்படியான செலவு வரம்பு 40 லட்சம். கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆம் பிரிவு இருவரையும் சேர்த்தே சொல்கிறது. திருமங்கலம், ஆர்.கே. நகர் இடைத்தேர்தல்களைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

கடைசியாக வாக்குப்பதிவு நாள். 2018இல் 'சர்கார்' படம் வந்த பிறகு 49பி என்ற விதி எண் தமிழர் வாயில் மனப்பாடம். உங்கள் பெயரில் வேறு யாரோ ஓட்டுப் போட்டுவிட்டிருந்தால், நீங்கள்தான் அவர் என்று தலைமை அலுவலருக்குத் தெளிவுபடுத்தி வாக்குச் சீட்டு கேட்கலாம். அது இயந்திரத்தில் விழாது. காகிதத்தில் முத்திரையிட்டுத் தனி உறையில் போகும். எண்ணிக்கை நாளில் அந்த உறையைப் பிரிக்க மாட்டார்கள்; நீதிமன்றம் சொன்னால்தான் பிரிப்பார்கள். அதனால் பயனில்லை என்று எண்ணாதீர்கள். 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் சி.பி. ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றார். பின்னர் நடந்த வழக்கில் இந்த உறைக்குள் இருந்த ஓட்டுகளைப் பற்றித்தான் உச்சநீதிமன்றம் வரை வாதம் போனது. ஆனால் சாவடியில் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனவரின் ஓட்டு எந்த உறையிலும் இல்லை.

நான் சாவடியில் கண்ட இன்னொன்று. வாக்குப்பதிவு முடிந்ததும் மொத்தம் எத்தனை ஓட்டு பதிவானது என்று படிவம் 17சியில் எழுதி, தலைமை அலுவலர் கையெழுத்திட்டு, அங்கே இருக்கும் ஏஜென்டுகளுக்குப் பிரதி தருவார். இயந்திரத்தில் குளறுபடி என்று பின்னால் கத்துவதற்கு எந்தக் கட்சியிடமாவது ஆதாரம் இருக்க வேண்டுமானால், அது இந்த ஒரு தாள்தான். எண்ணிக்கை மேசையில் இயந்திரம் காட்டும் மொத்தத்தை இதோடு ஒப்பிடலாம். ஆனால் மாலையில், பிரியாணிப் பொட்டலம் வந்துவிட்டது என்று கட்சிக்காரர் வந்து கூப்பிட்டதும், அந்தத் தாளை வாங்காமலே எழுந்து போகும் ஏஜென்டுகளைத் தேர்தலுக்குத் தேர்தல் பார்த்திருக்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்தது எதற்கு? உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாராவது அடுத்த முறை ஏதேனும் ஒரு கட்சிக்கு, எந்தக் கட்சியானாலும் சரி, ஏஜென்டாக உட்கார்ந்தால், 17சி பிரதியை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பிறகு பிரியாணிக்குப் போகச் சொல்லுங்கள்.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள். கன்டோன்மென்ட் நில வகை பற்றிய கேள்வியாக இருந்தால் உங்கள் வீட்டு ஆவணத்தையும் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.